மணம் தாங்கும் எண்ணெய்

பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பது பழமொழி. ஆயின், நாரே தீநாற்றம் உடையதானால் பூவின் மணமும் கெடும். மேனியில் தெளித்துக்கொள்ளும் நறுமண எண்ணெயை இல்லத்திலேயே செய்ய விரும்புவோர் முதலில் அறிய வேண்டிய உண்மை இதுவே.

வெட்டிவேர், சந்தனம் முதலியவற்றிலிருந்து வாலையில் வடித்தெடுக்கும் நறுமணச் சத்து மிகவும் வீரியமானது. அதனைத் தனியே பூசினால் தோல் எரியக்கூடும். ஆதலால் அதனை வேறோர் எண்ணெயில் கலந்தே பயன்படுத்துவர். கலவையின் 100 பங்கில் 2 பங்கு நறுமணச் சத்து இருந்தாலே போதும். எஞ்சிய 98 பங்கும் மணத்தைத் தாங்கி நிற்கும் எண்ணெயே. இதனைத் தாங்கெண்ணெய் எனலாம். கலவையின் நன்மையும் தீமையும் பெரும்பாலும் இதனையே பொறுத்தவை.

சேலமும் நாமக்கல்லும் 1997ஆம் ஆண்டுவரை ஒரே மாவட்டமாக இருந்தவை. இச்சமவெளியின் செம்மண் நிலங்களில் எள்ளும் நிலக்கடலையும் ஆமணக்கும் விளைகின்றன. காவிரிக் கரையிலுள்ள பரமத்தி வேலூர்ப் பகுதியில் தென்னை செழித்து வளர்கிறது. எனவே, இங்கு வாழ்வோர்க்கு நால்வகை எண்ணெய்களும் எளிதில் கிடைக்கும். ஆனால் நான்கின் இயல்பும் ஒன்றன்று.

எள்ளின் நெய்யே எண்ணெய் என்னும் பெயர்க்கு உரியது. நல்லெண்ணெயில் இயற்கையாகவே அமைந்துள்ள சில பொருள்கள் அது விரைவில் கெடாதவாறு காக்கின்றன. எனினும், அதற்குத் தனக்கென ஒரு வாசனை உண்டு. அது மெல்லிய மல்லிகை மணத்தை மறைத்துவிடும். வெட்டிவேரின் அழுத்தமான மணத்தோடு ஒத்துப்போகும். வடநாட்டு ஜான்பூரில் இக்குறையை நீக்க ஒரு வழி கண்டனர். எள்ளையும் மல்லிகைப் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, வாடிய பூவை நீக்கிப் புதுப்பூவைப் பலமுறை இடுவர். பறித்த பின்னும் மல்லிகை மணம் வீசிக்கொண்டே இருக்கும். அம்மணத்தை எள் ஈர்த்துக்கொள்ளும். பின்னர் அந்த எள்ளை ஆட்டி எண்ணெய் எடுப்பர்.

தேங்காயெண்ணெய் நெடுநாள் கெடாது. ஆனால் வெப்பம் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் தெளிப்பானின் சிறு துளையை அது அடைத்துக்கொள்ளும். கடலையெண்ணெய் இளகியது, ஆனால் காற்றுப்பட்டால் எளிதில் சிக்கு நாற்றம் கொள்ளும். நிலக்கடலை ஒவ்வாதவர்கள் அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

ஆமணக்கெண்ணெய் மிகவும் கொழகொழப்பானது. தனித்துத் தெளிக்க இயலாது. ஆனால் பிற எண்ணெய்களுக்கு இல்லாத சிறப்பொன்று அதற்கு உண்டு. அது ஆல்கஹாலில் நன்கு கரையும். ஆகவே ஆல்கஹால் சேர்ந்த நறுமணத் தெளிப்புகளுக்கு அது ஏற்றது. ஆமணக்கு விதை நஞ்சுடையது; அதனை வாயிலிடலாகாது. இப்பயிரை ஆராய்வதற்கென்றே சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது.

எவ்வெண்ணெயைத் தேர்ந்தாலும் அது புதியதாக இருத்தல் வேண்டும். காற்றும் ஒளியும் வெப்பமும் எண்ணெயின் பகைவர்கள். ஆதலின், ஈரமற்ற நிறக் கண்ணாடிப் புட்டியில் நிரப்பி, இறுக மூடி, நிழலில் வைக்க வேண்டும். எண்ணெயும் நீரும் கலவா. ஆகவே நீரை ஊற்றி எண்ணெயை இளக்க முயலுதல் வீண். கலவையை முதன்முறை பயன்படுத்துவோர் முன்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி, ஒருநாள் பொறுத்துப் பார்த்தல் நலம். அரிப்போ சிவப்போ தோன்றினால் அதனை விலக்கிவிட வேண்டும்.

மணத்தை நாடும் மக்கள் விலையுயர்ந்த நறுமணச் சத்தையே ஆராய்ந்து வாங்குகின்றனர். அதனைச் சுமக்கும் எண்ணெயைக் கருதுவதில்லை. வரப்போரத்து ஆமணக்கின் இயல்பையும் செக்கில் ஆடும் எள்ளின் இயல்பையும் அறிந்து தேர்பவர்க்கே, சிறிதளவு மணமும் நெடுநேரம் நிலைத்துப் பயன் தரும்.