இன்சாஸ் துப்பாக்கி
இந்திய ராணுவம், 1990கள் முதல்
தோட்டா: 5.56 மி.மீ.
மேகசின்: 20 தோட்டாக்கள்
தயாரிப்பு: இச்சாப்பூர், கான்பூர், திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலைகள்

1962 சீனப் போரில் நம் வீரர்கள் ஏந்தியது .303 துப்பாக்கி. ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டும். அடுத்து, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். வந்தது. அதன் இடத்தைப் பிடித்தது, புனேயில் வடிவமைக்கப்பட்ட இந்த இன்சாஸ்.

இதன் தோட்டா சிறியது, எடை குறைந்தது. அதே சுமையில் வீரர் கூடுதல் தோட்டாக்களை எடுத்துச் செல்லலாம். ஒற்றைத் தோட்டாவாகவோ மும்மூன்றாகவோ சுடலாம். மேகசினின் பிளாஸ்டிக் சுவர் வழியே மிச்சமுள்ள தோட்டாக்கள் தெரிவதைக் கவனியுங்கள்.

1999 கார்கில் போரின் கடுங்குளிரில் சில மேகசின்கள் விரிசல் விட்டன. சுடும்போது தோட்டா சிக்கிக்கொள்வதாகவும் புகார்கள் எழுந்தன. பிறகு திருத்தங்கள் செய்யப்பட்டன. ஆனாலும், எதிரியை ஒரே தோட்டாவில் வீழ்த்தும் வலிமை வேண்டும் என்ற கருத்து ராணுவத்தில் வலுத்தது.

அதனால், 2019இல் 72,400 சிக் 716 துப்பாக்கிகள் வாங்க ஒப்பந்தமானது. 2021இல், 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே.-203 துப்பாக்கிகளை உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் தயாரிக்க ரஷ்யாவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டும் 7.62 மி.மீ. வகை, ஆனால் அவற்றின் தோட்டாக்கள் வேறு வேறு.

லட்சக்கணக்கான துப்பாக்கிகளை மாற்றப் பெரும் பொருளும் பல ஆண்டுகளும் தேவை. எனினும் எல்லையில் நிற்பவரின் உயிர், அவர் கையிலுள்ள துப்பாக்கி தவறாமல் இயங்குவதைப் பொறுத்தது.