தகட்டுக்குப் பின்னால் இருக்கும் குழாய்

அமெரிக்காவின் வடகிழக்கு ராஜ்யங்களில் பழைய வீடு ஒன்றை விலைக்கு வாங்குகிறவர்கள், கூடத்துச் சுவரில் செங்கல்லால் கட்டிய கணப்பு ஒன்றையும் பெரும்பாலும் அதோடு சேர்த்தே வாங்குகிறார்கள். பார்வைக்கு அது எவ்வளவு ரம்மியமானதோ, குளிர் காய்வதற்கு அவ்வளவு பிரயோஜனமற்றது. திறந்த கணப்பில் எரியும் விறகின் உஷ்ணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அறைக்குள் தங்குகிறது; மீதியெல்லாம் புகைபோக்கி வழியே ஆகாயத்துக்குப் போவதோடு, போகும்போது அறையில் இருந்த வெதுவெதுப்பான காற்றையும் உடன் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இந்த நஷ்டத்தைத் தவிர்க்க ஏற்பட்டதே செருகு அடுப்பு என்னும் சாதனம். வார்ப்பிரும்பாலோ தடித்த எஃகுத் தகட்டாலோ பெட்டிபோலச் செய்து, முன்புறம் கண்ணாடிக் கதவு வைத்து, உள்ளே புகும் காற்றின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கைப்பிடி அமைத்து, கணப்பின் வாய்க்குள் அப்படியே தள்ளிப் பொருத்திவிடுகிறார்கள். நல்ல செருகு அடுப்பு விறகின் உஷ்ணத்தில் நூற்றுக்கு எழுபது பங்கை வீட்டுக்கே கொடுத்துவிடும்.

ஆனால் இந்தச் சாதனத்தில் விலை பேசுவதும், நிறம் தேர்ந்தெடுப்பதும், விருந்தாளிகளுக்குக் காட்டி மகிழ்வதும் எல்லாம் அடுப்பைப் பற்றியவை. அடுப்பு ஒழுங்காக எரிவதும் வீடு பத்திரமாக இருப்பதும், அடுப்பைச் சுற்றிக் கணப்பின் வாயை மூடும் முகப்புத் தகட்டுக்குப் பின்னால் புகைபோக்கியின் இருட்டுக்குள் ஒருவர் கண்ணிலும் படாமல் நிற்கும் ஓர் உட்குழாயைப் பொறுத்தவை. அடுப்பைப் பொருத்த வருகிறவன் அவசரக்காரனாகவோ அறியாதவனாகவோ இருந்தால் முதலில் குறைந்துபோவது அந்தக் குழாயில் செய்யவேண்டிய வேலைதான். குறைத்ததை மறைக்க அவன் தனியாக ஒன்றும் செய்யவேண்டியதில்லை. முகப்புத் தகட்டைத் திருகிவிட்டால் போதும்.

இந்த இடர் புதியது அன்று. பெஞ்சமின் பிராங்க்ளின் 1744-ல் ஒரு சிறு பிரசுரத்தின் மூலம் உலகுக்கு அறிவித்த பென்சில்வேனியக் கணப்பும், செங்கல் கணப்புக்குள் வைப்பதற்கென்றே செய்த இரும்புப் பெட்டிதான். தம் கண்டுபிடிப்புக்குத் தனியுரிமை வேண்டாம் என்று மறுத்த அந்தப் பெரியவர், உஷ்ணத்தை முழுவதும் கறந்துவிட வேண்டும் என்ற ஆவலில், புகை மேலே போவதற்கு முன் ஒரு தடுப்பின் பின்புறமாகக் கீழே இறங்கிப் போகும்படி அமைத்துவிட்டார். மேலே எழுவதே சுபாவமாகக் கொண்ட சூடான புகைக்கு அந்த வழி பிடிக்கவில்லை. அடுப்பு நன்றாகச் சூடேறாத வேளையில் புகை அறைக்கே திரும்பியது. பின்னர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்ற விஞ்ஞானி புகை போகும் வழியைத் திருத்திய பிறகே அது வீடுகளில் சரளமாகப் பயன்பட்டது. பிராங்க்ளினைப் போன்ற மேதைக்கே அடுப்பு சுலபமாகவும் புகைவழி கடினமாகவும் இருந்திருக்கிறது என்பதை, இன்று அடுப்புப் பொருத்தும் தொழிலில் இறங்குகிற ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி அதன் விலை எகிறியபோது, அமெரிக்கர்கள் கூட்டம் கூட்டமாக விறகுக்குத் திரும்பினார்கள். அந்த வேகத்தில் எத்தனையோ செருகு அடுப்புகள், குழாய் என்பதே இல்லாமல், கணப்புக்குள் வெறுமனே தள்ளப்பட்டன. தொழிலாளர் பேச்சில் 'ஸ்லாமர்' என்று வழங்கும் இந்த முறையில், அடுப்பின் புகை பழைய புகைபோக்கியின் அடியில் கொட்டப்படும். பிறகு அது தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால் விளையும் தீமையைச் சற்று நிதானமாக விளக்க வேண்டும். திறந்த கணப்பு ஏராளமான காற்றை விழுங்குவது. அதன் புகைபோக்கி அகலமாக இருந்தாலும் அந்தக் காற்றின் வேகமே புகையை உந்திக்கொண்டு போய்விடும். மூடிய அடுப்போ, கொஞ்சம் காற்றை வாங்கி, தீயின் உஷ்ணத்தில் பெரும்பகுதியைத் தானே பிடித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை மெதுவாக வெளியே விடுகிறது. அதன் புகைவாய் பொதுவாக 6 அங்குல விட்டம் உடையது; பரப்பளவில் சுமார் 28 சதுர அங்குலம். பழைய புகைபோக்கியின் உள்ளளவு 12 அங்குலத்துக்கு 12 அங்குலம் என்றால் அதன் பரப்பு 144 சதுர அங்குலம், அதாவது ஐந்து மடங்கு. இவ்வளவு விஸ்தாரமான குளிர்ந்த செங்கல் கூண்டுக்குள் அந்தச் சிறிது புகை நுழைந்ததும் பரவுகிறது, குளிர்கிறது, வேகம் இழக்கிறது. அதன் உஷ்ணம் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும், அதில் கலந்திருந்த நீராவியும் எரியாத தார்ச்சத்தும் சுவரில் படிந்து, கிரியோசோட் என்னும் கறுப்புப் பிசினாக இறுகுகிறது. இந்தப் பிசின் எரியக்கூடிய பொருள். என்றாவது ஒருநாள் அடுப்பில் தீ கொழுந்துவிட்டு ஒரு பொறி மேலே போனால், புகைபோக்கியே பற்றிக்கொண்டு, உள்ளே உஷ்ணம் 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் ஏறிவிடும். சுட்ட களிமண் ஓடுகளால் ஆன அதன் உள்ளுறை அந்தச் சூட்டில் வெடித்துப் பிளக்கும். பிளவுக்கு அப்பால் வீட்டின் மரச்சட்டங்கள் நிற்கின்றன.

இதை உணர்ந்தே அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் தன் 211-ஆம் விதித்தொகுப்பில், அடுப்பின் புகைவாயைப் புகைபோக்கியின் உள்வழியோடு நேராக இணைக்க வேண்டும் என்றும், வீட்டுக்குள்ளேயே எழும் புகைபோக்கியானால் அதன் பரப்பு புகைவாயைப் போல் மூன்று மடங்குக்கும், ஒரு பக்கமாவது வெளிக்குளிரில் நிற்பதானால் இரண்டு மடங்குக்கும் மேற்படக் கூடாது என்றும் நிர்ணயித்திருக்கிறது. மேற்படுமானால் உட்குழாய் இட வேண்டும். அநேகமாக எல்லாப் பழைய வீடுகளிலும் அது மேற்பட்டே இருக்கும்; ஆகையால் அடியிலிருந்து உச்சிவரை ஒரே எஃகுக் குழாய் இடுவதே உத்தமம். அந்தக் குழாய் நம் வீட்டுப் பாத்திரங்களின் எவர்சில்வருக்கு உறவான, அதைவிட அமிலத்தைத் தாங்கக்கூடிய உலோகத்தால் ஆனது. அதைச் சுற்றி அரை அங்குலம் செராமிக் கம்பளி போர்த்துவதற்கும் தக்க காரணம் உண்டு. வீட்டுக்குள் எழும் புகைபோக்கிக்கும் மரத்துக்கும் இடையே 2 அங்குல இடைவெளி வேண்டும் என்பது விதி. ஆனால் பழைய வீடுகள் பலவற்றில் செங்கலை ஒட்டியே மரச்சட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அந்தக் குறையை ஈடுசெய்வதும், புகையைச் சூடு குறையாமல் மேலே கொண்டுசேர்ப்பதும் இந்தக் கம்பளிப் போர்வையே.

மாசசூசெட்ஸ் ராஜ்யத்தின் மேற்கே ஒரு சிற்றூரில் வசிக்கும் தமிழ் நண்பர் ஒருவரின் வீட்டில், பழுதாகப் பொருத்திய அடுப்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது நான் உடன் இருந்தேன். கதவைத் திறந்தால் புகை கூடத்துக்கு வருகிறது, கண்ணாடி ஒரே மாலையில் கறுத்துவிடுகிறது, கோடைகாலத்து ஈரமான நாட்களில் அடுப்பு எரியாமலே வீடெங்கும் தார் நாற்றம் அடிக்கிறது என்று அவர் முறையிட, பொருத்திக் கொடுத்தவரோ விறகு ஈரம் என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பதிலை அடியோடு தள்ளிவிட முடியாது. ஈர விறகு இந்த லட்சணங்கள் அனைத்தையும் உண்டாக்க வல்லது. நண்பர் ஒரு விறகுக் கட்டையைப் புதிதாகப் பிளந்து, பிளந்த முகத்தில் ஈரமானியின் முட்களை ஊன்றிப் பார்த்திருந்தார். 20 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் காய்ந்த விறகு. அவருடையது காய்ந்த விறகு.

புகைபோக்கி துலக்கும் தொழிலாளி வந்து முகப்புத் தகட்டின் திருகுகளைக் கழற்றி அதைச் சுவரில் சாய்த்தார். அடுப்புக்கும் செங்கல்லுக்கும் நடுவே, சுவர்களுக்குள் வைக்கும் இளஞ்சிவப்புக் கண்ணாடிநார்ப் பஞ்சு திணித்திருந்தது. அடுப்பைத் தொட்ட பக்கமெல்லாம் தீய்ந்து பழுப்பாகிவிட்டது. அதை அகற்றிவிட்டு விளக்கையும் சிறு கண்ணாடியையும் உள்ளே நீட்டினார். குழாயின் நுனி அடுப்பின் புகைவாய்க்குள் இறங்காமல், இரண்டு விரற்கடை ஒதுங்கி, அதன் விளிம்பின்மேல் சாய்ந்து நின்றது. திருகு ஒன்றுகூட இல்லை. சற்று மேலே, புகைவழியைத் திறந்து மூடும் பழைய டாம்பரின் இரும்புச் சட்டத்தை அறுத்து வழி செய்யும் சிரமத்துக்கு அஞ்சி, குழாயையே நசுக்கிப் பாதி அகலமாக்கிச் சந்துக்குள் புகுத்தியிருந்தார்கள். கம்பளிப் போர்வை இல்லை. டாம்பர் இருந்த மட்டத்தில் புகைபோக்கியைக் குறுக்கே அடைக்கவேண்டிய தகடும் இல்லை; அதனால் அடுப்பின் முதுகுச் சூடெல்லாம் மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. சாய்ந்த குழாயின் இடுக்கு வழியே குளிர்ந்த காற்று புகுந்து புகையின் இழுவையை அறுத்ததோடு, எதிர்க்காற்று வீசும் இரவுகளில் கார்பன் மோனாக்ஸைடு என்ற மணமற்ற விஷவாயு வீட்டுக்குள் வருவதற்கும் அதே இடுக்கு வழிவிட்டிருக்கும். குழந்தைகள் தூங்கும் அறை அதற்கு நேர் மேலே இருந்தது. இவ்வளவையும் பார்த்த பிறகு, இதைக் கைத்தவறு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

இத்தகைய சந்தேகம் எழுந்த வீட்டில் முதலில் செய்யவேண்டியது தீ மூட்டுவதை நிறுத்துவது. குளிர் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் வேறு வழியில் சமாளித்துக்கொள்ள வேண்டும். விஷவாயுவை அறிவிக்கும் மணி படுக்கையறைகளுக்கு அருகில் இல்லையானால் அன்றைக்கே வாங்கி மாட்ட வேண்டும். பொருத்தியவரைத் தொலைபேசியில் அழைத்துச் சச்சரவிடுவதால் அதிகப் பயன் இராது. அடுப்போடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். அந்த நாட்டுக் கட்டட விதிகள், தயாரிப்பாளரின் கையேட்டுப்படி அடுப்பைப் பொருத்தவேண்டும் என்று சொல்வதால், கையேட்டின் ஒவ்வொரு வரியும் வீட்டுக்காரரின் கையில் உள்ள பிரமாணம். அடுப்பின் முன்னால் தரை எத்தனை அங்குலம் தீக்காப்போடு இருக்க வேண்டும், மேலே உள்ள மரப்பலகை எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும், புகைபோக்கி குறைந்தது எத்தனை அடி உயரம் வேண்டும் என்பன எல்லாம் அதில் இருக்கும். அளவுநாடாவைப் பிடித்து நீங்களே சரிபார்த்துவிடலாம். கணப்பு செங்கல்லால் ஆகாமல், ஆலையில் செய்து கொணர்ந்த தகரக் கணப்பாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அதற்குள் இந்த அடுப்பைச் செருகலாம் என்று இரு தயாரிப்பாளர்களின் ஏடுகளும் சம்மதித்தால் ஒழியச் செருகக் கூடாது.

அடுத்தபடி, பொருத்தியவரோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத பரிசோதகர் ஒருவரை வரவழைக்க வேண்டும். அமெரிக்காவில் புகைபோக்கிப் பாதுகாப்பு நிலையத்தின் சான்று பெற்றவர்களும், தேசியக் கணப்பு நிலையத்தின் சான்று பெற்றவர்களும் கிடைக்கிறார்கள். கனடாவில் 'வெட்' என்ற அமைப்பின் சான்று உள்ளவர்கள். அவரிடம் கேட்கவேண்டியது இரண்டாம் படிப் பரிசோதனை: காமிராவை உள்ளே இறக்கிப் புகைபோக்கியை முழுவதும் பார்ப்பது. வேறு வகை அடுப்பு மாற்றி வைக்கும்போதெல்லாம் இந்தப் பரிசோதனை வேண்டும் என்று மேற்சொன்ன விதித்தொகுப்பே கூறுகிறது. அவர் வாயால் சொல்வது போதாது; புகைப்படங்களோடு, எந்த விதிக்கு எது மாறுபட்டது என்று எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும். அதன் பிரதியோடு, இன்ன தேதிக்குள் இன்னின்னவற்றைத் திருத்தித் தரவேண்டும் என்று பொருத்தியவருக்குக் கடிதம் எழுதினால், வாய்ச்சண்டையில் விறைத்துக்கொண்டு நின்ற பலர் வழிக்கு வந்துவிடுகிறார்கள்.

பொருத்தியவர் வேலையைத் தொடங்குமுன் ஊர்க் கட்டட அலுவலகத்தில் அனுமதி வாங்கினாரா என்பதையும் விசாரிக்க வேண்டும். அநேக ஊர்களில் அது கட்டாயம். அனுமதி வாங்கியிருந்தால், ஊர்ப் பரிசோதகர் வந்து பார்த்துத்தான் வேலை முடிந்ததாக ஏற்கமுடியும். வாங்காமல் இருந்தால், வழக்கு என்று வந்தால் அதுவே வலுவான சாட்சி. நாளைக்கு வீடு தீப்பற்றினால் காப்பீட்டுக் கம்பெனி முதலில் கேட்கக்கூடிய காகிதங்களில் அந்த அனுமதியும் ஒன்று.

திருத்த வேலை நடக்கும்போது வீட்டுக்காரர் அருகில் நிற்பதை நான் வற்புறுத்துவேன். டாம்பர் சட்டத்தை அறுத்து, போர்வையோடு கூடிய முழுக்குழாயை உச்சியிலிருந்து இறக்கி, புகைவாய்க்குள் நுழைத்துத் திருகுகளால் இறுக்கி, அடைப்புத் தகட்டை வைத்து, கண்ணாடிநார்ப் பஞ்சுக்குப் பதிலாகத் தீக்கு அஞ்சாத கற்கம்பளியை அதன்மேல் பரப்பி, உச்சியில் மழை இறங்காதபடி மூடி போட்டு முடித்த பின், முகப்புத் தகட்டை மாட்டுமுன் ஒவ்வொரு கட்டத்தையும் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மீதிப் பணத்தை அந்தப் படங்கள் கைக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும்.

பிறகு சில நாட்கள் காய்ந்த விறகால் சிறு தீயாக மூட்டி, அடுப்பு நன்றாகச் சூடேறியதும் தெருவில் நின்று புகைபோக்கியின் உச்சியைப் பாருங்கள். வெளிறிய ஆவியைத் தவிர அதிகமாக ஒன்றும் தெரியக் கூடாது. குளிர்காலத்தின் நடுவில், வசந்தம்வரை காத்திராமல், ஒருமுறை குழாயைத் துலக்கச் சொல்லுங்கள். அடியில் விழுவது உலர்ந்த பழுப்புத் தூளாக இருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது. கண்ணாடிபோல மினுங்கும் கறுப்புச் செதில்களாக விழுந்தால், விறகை மறுபடி சோதித்து, அதிலும் குற்றம் இல்லையானால், முகப்புத் தகட்டை மறுபடி கழற்றச் சொல்ல வேண்டும்.