காறை எலும்புக்கு அடியில் ஒரு கண்டம்

2019 மார்ச் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் பிராண்டன் இங்ராம், வலது தோள் வலிக்கிறது என்று இரண்டு ஆட்டங்களில் இறங்கவில்லை. கூடைப்பந்து ஆடுகிறவருக்குத் தோள் வலிப்பது ஒரு செய்தியா? பரிசோதித்துப் பார்த்தால், கையின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அப்போது அவருக்கு வயது 21. ஆறு ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரியில், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் ஆடும் பிரெஞ்சுக்காரர் விக்டர் வெம்பன்யாமாவின் வலது தோளிலும் ரத்த உறைவு. அவருக்கும் 21 வயதுதான். நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஆடிவிட்டு ஊர் திரும்பிய கையோடு கண்டுபிடித்தார்கள். அவருக்கு அந்த சீசனே அத்தோடு முடிந்தது.

ஆழ்சிரை உறைவு என்றால் நமக்குக் கால்தான் நினைவுக்கு வரும். நீண்ட விமானப் பயணம், ஆபரேஷனுக்குப் பின் படுத்த படுக்கை, கெண்டைக்கால் வீக்கம். கையில் வருவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் இந்த இளைஞர்களின் கதை நேர் எதிரானது. அசையாமல் கிடந்த காலில் வருகிற நோய், ஓயாமல் உழைத்த கையில் வந்து நிற்கிறது.

காரணம் ரத்தத்தில் இருப்பதைவிட எலும்பில் இருக்கிறது. கையிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரை, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு சிறு சந்தில் நுழைந்துதான் போயாக வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போதெல்லாம் அந்தச் சந்து இறுகும். சிலருக்கு அது பிறவியிலேயே குறுகல். சிலருக்கு உடற்பயிற்சியில் திரண்ட தசையே இடத்தை அடைத்துக்கொள்கிறது. பந்து எறிபவர், நீச்சல்காரர், பளு தூக்குபவர், கூரையைப் பார்த்தபடி பெயின்ட் அடிப்பவர் போன்றவர்களில் சிலருக்கு அங்கே சிரை நசுங்கி நசுங்கித் தழும்பேறுகிறது. ஒருநாள் உறைந்துவிடுகிறது. லண்டனில் ஜேம்ஸ் பேஜட் 1875-இலும், வியன்னாவில் ஷ்ரோட்டர் 1884-இலும் எழுதிவைத்த நோய் இது. அதனால் பேஜட்-ஷ்ரோட்டர் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

வந்தவர் திடகாத்திரமாக இருப்பதுதான் இதில் பெரிய ஏமாற்று. ஜிம்முக்குப் போகும் பையன் கை கனக்கிறது என்றால் சுளுக்கு என்போம். தைலம் தேய்த்து நீவிவிடுவோம். அந்த நீவலைத்தான் தவிர்க்க வேண்டும். உறைகட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து காலைவிடக் கையில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஒரு கை மட்டும் திடீரென்று வீங்கி, நீலம் பாரித்து, தோளிலும் மார்பிலும் பச்சை நரம்புகள் புடைத்துத் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். டாப்ளர் ஸ்கேனே முதலில் எடுப்பது. ஆனால் காறை எலும்பு குறுக்கே நின்று மறைக்கும் என்பதால், ஸ்கேன் சரியாக இருந்தும் சந்தேகம் தீராவிட்டால் சிடி அல்லது சிரைக்குள் சாயம் செலுத்திப் படமெடுக்கும் வீனோகிராம் வரை போக நேரும்.

நாளைக் கடத்துவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. சிரைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி உறைவைக் கரைப்பது முதல் இரண்டு வாரத்துக்குள்தான் நன்றாகப் பலிக்கும். மற்றபடி ஹெப்பாரின், அபிக்சபான் போன்ற உறைவுத்தடுப்பு மருந்துகள் குறைந்தது மூன்று மாதம். அந்த மாதங்களில் உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம் ஆகாது. அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது. வீரர்களை மாதக்கணக்கில் உட்காரவைப்பது பாதி நோய், பாதி மருந்து.

ஆனால் மருந்தால் அந்தச் சந்து அகலமாகாது. அதனால்தான் முதல் விலா எலும்பையே எடுத்துவிடும் அறுவை சிகிச்சை. எல்லோருக்கும் வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. கையைத் தூக்கிப் பிழைக்கிறவருக்கு அது நியாயமான வழி என்றே எனக்குப் படுகிறது. எலும்பை விட்டுவிட்டு உள்ளே ஸ்டென்ட் மட்டும் வைத்தால், கத்தரிக்கோல் வாயில் சிக்கிய கம்பிபோல அது நாளடைவில் நசுங்கி முறியும். இங்ராமுக்கு அந்தச் சந்தை விரிவாக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த சீசனில் வேறு அணிக்குப் போய் ஆல்-ஸ்டார் ஆனார். வெம்பன்யாமா 2025 அக்டோபரில் திரும்பிவந்த முதல் ஆட்டத்திலேயே 40 புள்ளி எடுத்தார்.

விளையாட்டு வீரர்கள் தலைப்புச் செய்தி ஆகிறார்கள். ஆனால் கையில் வரும் ஆழ்சிரை உறைவில் பெரும்பகுதி மருத்துவமனைப் படுக்கைகளில்தான் உருவாகிறது: கீமோவுக்குக் கைச்சிரை வழியாகப் போட்ட பிக் லைன் குழாய், கழுத்தடியில் செருகிய டயாலிசிஸ் குழாய், பேஸ்மேக்கர் ஒயர். டிரிப்ஸ் ஏற்றிய இடத்தில் தடித்துச் சிவப்பது பெரும்பாலும் மேல்சிரைச் சமாசாரம், அது வேறு. பிக் லைன் இருக்கும் கை முழுதும் வீங்கினால் உடனே சொல்ல வேண்டும். குழாயைப் பிடுங்கிவிடுவார்களோ, கீமோ தள்ளிப்போகுமோ என்று மறைக்க வேண்டியதில்லை. குழாய் ஒழுங்காக வேலைசெய்கிறது, கிருமித்தொற்று இல்லை, சிகிச்சைக்கு இன்னும் தேவை என்றால், அதை அப்படியே வைத்துக்கொண்டு உறைவுக்கான மருந்தைத் தொடங்குவதே இன்றைய நடைமுறை.