1975 மாடலுக்குச் சோதனை இல்லை, 1976-க்கு உண்டு: பழைய எம்ஜி காரும் இரட்டை கார்புரேட்டரும்

இந்தியாவில் எம்ஜி என்றதும் ஹெக்டர்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயரின் பழைய நாயகன் எம்ஜிபி. இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான குட்டி ஸ்போர்ட்ஸ் கார். பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே 1975-க்குப் பிந்தைய மாடல் வைத்திருக்கும் பலர் ஒரு விசித்திர வேலை செய்கிறார்கள். கம்பெனி பொருத்திய ஒற்றை கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பழைய இரட்டை கார்புரேட்டரை மாட்டுகிறார்கள்.

ஏன் இரண்டு?

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவதுதான் கார்புரேட்டரின் வேலை. எம்ஜிபியின் 1,798 சிசி இன்ஜினில் சிலிண்டர் நான்கு. ஆனால் கலவை உள்ளே போக வாசல் இரண்டுதான். வாசலுக்கு ஒன்று என்று இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களை வைத்தது இயல்பான ஏற்பாடு. (நம்ம பழைய அம்பாசடரின் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே பி-சீரிஸ் குடும்பம்தான்.)

அமெரிக்கப் புகை விதிகள் இறுகியதும், 1975 மாடலில் இரண்டும் போய் ஒரே ஒரு ஜெனித்-ஸ்ட்ராம்பெர்க் வந்தது. பிரிட்டனில் விற்ற கார்களில் 1980 வரை இரட்டை எஸ்யூதான்.

பவர் திரும்பி வருமா?

1962-ல் 95 குதிரைத்திறன் என்று விற்ற கார், 1975 அமெரிக்க மாடலில் சுமார் 62. கழித்துப் பார்த்து, போன 33-ம் கார்புரேட்டரால்தான் என்று சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவில் 1972-ல் குதிரைத்திறனைக் குறிக்கும் முறையே மாறியது. அதே சமயத்தில் கம்ப்ரஷன் விகிதத்தையும் 8.8-லிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். கார்புரேட்டரை மாற்றினால் கம்ப்ரஷன் திரும்பாது. வேகமெடுக்கும்போது இன்ஜினின் மூச்சுத் திணறல் குறையும், அவ்ளோதான்.

இன்னொன்று. ஸ்ட்ராம்பெர்க்கின் உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். அது கிழிந்தாலே வண்டி இழுக்காது. முதலில் அதைப் பாருங்கள். மொத்த செட்டையும் மாற்றும் செலவில் இது ஒரு துளி.

மாற்றுவதில் என்ன வேலை?

ரெண்டு நட்டு, நாலு போல்ட் சமாச்சாரம் இல்லை. ஸ்ட்ராம்பெர்க் காரில் கலவை உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே வார்ப்பு. ஒன்றைக் கழற்றினால் இரண்டும் போகும். கீழே உள்ள புகைக் குழாயும் மாறும். ஸ்ட்ராம்பெர்க்கின் தானியங்கி சோக், இன்ஜினின் சுடுதண்ணீரில் வேலை செய்வது. அந்த ஹோஸ்களைச் சுற்றிவிட்டு, கையால் இழுக்கும் சோக் கேபிள் போட வேண்டும். ஆக்சிலரேட்டர் கேபிள், சூடு தடுக்கும் தகடு எல்லாம் தனி.

வாங்கும் பழைய எஸ்யூவில் த்ராட்டில் ஷாஃப்ட்டை ஆட்டிப் பாருங்கள். லூஸாக ஆடினால் அந்த இடைவெளியில் காற்று புகும், எந்த ட்யூனிங்கும் நிற்காது.

மாட்டிய பிறகு இரண்டும் சமமாகக் காற்றை இழுக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் கம்பியைத் தளர்த்திவிட்டு, ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் வைத்து, அந்த ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம் ஒன்றாகும்வரை ஸ்க்ரூவைத் திருப்புவது பழைய மெக்கானிக்குகளின் வழி. அப்புறம்தான் கலவை. உள்ளே உள்ள பிஸ்டனை லேசாகத் தூக்குங்கள். இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. ஒரு நொடி ஏறி இறங்கினால் சரி.

சட்டம் எங்கே குறுக்கே வருகிறது?

கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது. 1976 மாடல் முதல், பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை சோதனை உண்டு. புகை அளவு மட்டுமல்ல, கம்பெனி பொருத்திய புகைக் கட்டுப்பாட்டு பாகங்கள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். ஆக, 1975 காரில் சோதனையில் சிக்காத அதே மாற்றம், அடுத்த மாடலை சோதனையில் தோற்கடித்துவிடும். அதனால்தான் இரட்டை கார்புரேட்டர் மாட்டிய 1976-க்குப் பிந்தைய எம்ஜிபியை அங்கே வாங்குபவர், விலை பேசும் முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: கழற்றிய பாகங்கள் டிக்கியில் பத்திரமாக இருக்கா?