திருப்பி அனுப்பிய துப்பாக்கிகள்

கண்டித் தலதா மாளிகையின் அருகேயுள்ள கெப்பெட்டிபொல நினைவுச் சின்னத்தைக் கடக்குந்தோறும் ஒரு வினா நம் உள்ளத்தை அரிக்கிறது: வாக்குத் தவறுதல் எப்போதுமே குற்றந்தானா?

1815 மார்ச் 2இல் கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பிரதானிகளுள் அவரும் ஒருவர். அவர்கள் அளித்த ஊவாத் திசாவைப் பதவியையும் ஏற்றார். 1817இல் ஊவாவிலே கிளர்ச்சி மூண்டபோது, அடக்கிவருமாறு ஆட்களும் துப்பாக்கிகளும் தந்து அவரையே அனுப்பினர். சென்றவரோ கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். ஆனால் பெற்ற துப்பாக்கிகளை ஆங்கிலேயரிடமே திருப்பி அனுப்பிவிட்டார்! தந்தவர் ஆயுதத்தால் தந்தவரையே சுட மனம் ஒப்பவில்லை போலும்.

உத்தியோகத்தை விட்டு விலகும் நாளில் காரியாலயத்துப் பேனாவையும் சட்டைப்பையோடு கொண்டுவந்துவிடும் நம்போன்றோர்க்கு இது வியப்பே. எனினும் ஐயம் தீர்ந்தபாடில்லை. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கலாம். வாக்கைத் திருப்பிக் கொடுப்பது எங்ஙனம்? புறப்படுமுன்பே மறுத்திருக்கலாகாதா? மறுத்திருந்தால் ஊவாவுக்கே போய்ச் சேர்ந்திருப்பாரோ என்னவோ! அன்றியும், உடன்படிக்கையில் தந்த உறுதிகளை ஆங்கிலேயர் பேணவில்லை என்பதே பிரதானிகளின் மனக்குறையாக இருந்தது. முதலில் வாக்குத் தவறியவர் யார் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

1818இல் அரசாங்க வர்த்தமானி அவரைத் துரோகி என்றது. அவ்வாண்டு நவம்பர் 26இல் போகம்பரையில் சிரச்சேதம் நிகழ்ந்தது. படை வைத்தியர் ஹென்றி மார்ஷல் அவரது மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுசென்றார். நாடு சுதந்திரம் பெற்றபின் அது மீண்டு வந்து கண்டியிலே வைக்கப்பட்டது. துரோகி என்ற பட்டத்தை அரசு நீக்கியதோ 2016இலேதான்.