கேப்சர் கார்டு மேக்கில் ஏன் ஓடவில்லை?

பிரான்ஸில் உறவினர் இருக்கும் வீடுகள் புதுச்சேரியில் ஏராளம். ரெட்டியார்பாளையத்தில் அப்படியொரு வீட்டுப் பரணில் பாரிஸ் கல்யாண வி.எச்.எஸ். கேசட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் விண்டோஸை விட்டு மேக்குக்கு மாறிவிட்டார்கள். பழைய கேப்சர் கருவி ஏன் பேசாமல் கிடக்கிறது?

கேசட்டிலிருந்து வரும் அனலாக் அலையை எண்களாக்குவது அந்தக் கருவி. அதைக் கணினியோடு இணைக்கும் டிரைவர் விண்டோஸுக்காக எழுதப்பட்டது, மேக்கில் ஓடாது. உள்ளே செருகும் பிசிஐ அட்டைக்கு மேக் மினியில் இடமே இல்லை. மினிடிவி கேமராக்களின் இணைப்பு முறையான ஃபயர்வயரையும் 2025இல் வந்த மேக் ஓஎஸ் டாஹோ கைவிட்டது. யுவிசி என்ற பொது விதிப்படி செய்த யுஎஸ்பி கருவிக்குத் தனி டிரைவர் வேண்டாம், லினக்ஸிலும் ஓடும். என் தேர்வு அதுதான்.

எண்களாக்கிய வீடியோவைச் சுருக்கவும் தனிக்கருவி வேண்டுமா? வேண்டாம். 720×576 புள்ளிகள், விநாடிக்கு 25 படங்கள். சுருக்காவிட்டால் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 75 ஜிபி. எச்.264 முறையில் அது சில ஜிபிக்குள் அடங்கும். அதற்கான சுற்று 2020இல் வந்த எம்1 சிப்பிலேயே உண்டு.

பலர் கவனிக்காதது நிறம். வி.எச்.எஸ். காலத்தில் இந்தியாவில் பால் (PAL), பிரான்ஸில் செகாம் (SECAM) என்ற நிற முறைகள் இருந்தன. இரண்டுக்கும் 625 வரிகள்தாம்; நிறத்தை ஏற்றும் முறை மட்டும் வேறு. அதனால் பால் மட்டுமே அறிந்த வி.சி.ஆரில் செகாம் கேசட் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கேசட் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். வி.சி.ஆர்., கேப்சர் கருவி இரண்டும் செகாமை ஏற்குமா என்று கேட்டு வாங்குங்கள்.