சொரியாசிஸ்: தோலுக்கும் ஸ்கேன் உண்டா?

சுங்கை பூலோவில் 1930-இல் தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. அந்த நோய்க்கு இன்று மருந்து உண்டு. ஆனாலும் தோல் நோய் என்றாலே 'ஒட்டிக்கும்' என்று ஒதுங்கும் பழக்கம் இன்னும் போகல. சொரியாசிஸ் தொற்றாது, நோய் எதிர்ப்பு மண்டலம் தடம் மாறுவதால் தோல் தடிக்கிறது.

சிவப்பு, தடிப்பு, செதில், பரப்பளவு ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் மதிப்பெண் போடுவார். உள்ளே நடப்பது? அங்கேதான் அல்ட்ராசவுண்ட் உதவுது. வயிற்று ஸ்கேனுக்குச் சில மெகாஹெர்ட்ஸ் போதும். தோலுக்குப் பெரும்பாலும் 20 அல்லது அதற்கு மேல். தோலின் தடிப்பை மில்லிமீட்டரில் அளக்கலாம். அழற்சி மேல்தோலுக்குக் கீழே கறுப்புப் பட்டையாகத் தெரியும். டோப்ளர் ரத்த ஓட்டத்தைக் காட்டும். சிகிச்சை பலித்தால் மூன்றுமே குறையும்.

வெளியே திட்டு மறைந்தாலும் உள்ளே அழற்சி மிஞ்சியிருக்கலாம். அதனால 'சரியாயிடுச்சு'ன்னு நீங்களே மருந்தை நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேளுங்க.